வாரம் ஒருமுறை வரும் என்னிடம் மகள் வர மாட்டேன் என்கிறாள், வருவதைக் குறைத்துக்கொள்ளலாமா?

அரவேணு_அம்மா எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே, அரவேணுவிலிருந்து உள்ளே போக வேண்டும். மாமனாருக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, ஆனால் பச்சைத் தேயிலை விலையை நம்பி ஒரு குடும்பம் ஓடாது என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. நான் நர்ஸ். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை, பக்கத்திலேயே விடுதி. வீட்டுக்காரர் கோத்தகிரியில் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார். மகளுக்கு இரண்டேகால் வயது. ஒன்றரை வயது வரை என்னோடுதான் இருந்தாள், அப்புறம் எல்லாமே மாமியார்தான். சனிக்கிழமை டூட்டி முடித்து, மேட்டுப்பாளையம் வந்து, பஸ் பிடித்து மேலே ஏறி வீடு சேரும்போது நன்றாக இருட்டிவிடும். ஞாயிறு முழுக்க அவளோடு. திங்கள் விடியற்காலை அவள் தூங்கும்போதே கிளம்பிவிடுவேன். "முழிச்சிருந்தா விடமாட்டா, அப்படியே போயிடு" என்று மாமியார் சொல்லி, அதுவே பழக்கமாகிவிட்டது.

இப்போது விஷயம் என்னவென்றால், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் பாட்டியின் புடவைக்குப் பின்னால் போய்விடுகிறாள். கூப்பிட்டால் வருவதில்லை, தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டு நழுவி இறங்கிவிடுகிறாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருப்பாள், என் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள், நான் வாயைத் திறந்தால் ஜிப் நின்றுவிடும். ஞாயிறு மதியத்துக்குமேல் எல்லாம் தலைகீழ். என்னைப் பாத்ரூமுக்குக்கூட விடுவதில்லை, ராத்திரி என் செயினை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம். திங்கள் காலை எழுந்து நான் இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பிக்கிற கத்தல் அடங்க நேரமாகிறதாம். தட்டைத் தள்ளுகிறாள், பாட்டியைக் கடிக்கிறாள், நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கிற பழக்கமும் திரும்ப வந்துவிட்டது. புதன் வாக்கில் அடங்கிவிடுகிறாள். வியாழன், வெள்ளி "தங்கமா இருக்கா" என்கிறார் மாமியார். வீடியோ காலில் கூப்பிட்டால் போனைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறாள்.

மாமனார் சொல்வது, "நீ வந்து வந்து போறதாலதான் புள்ள கெடுது, மாசத்துக்கு ஒரு தடவை வா, தானா பழகிடும்." என்னோடு வேலை செய்கிறவர்களிலும் இரண்டு பேர் அதையேதான் சொல்கிறார்கள். வியாழன் வெள்ளிக் கணக்கைப் பார்த்தால் அது சரியோ என்று எனக்கே தோன்றுகிறது. வேலையை இப்போதைக்கு விட முடியாது, கடன் இருக்கிறது, ஆகவே "வேலையை விடும்மா" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை நான் வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது.

கேட்க நினைத்தது இதுதான். வருவதைக் குறைத்தால் அவளுக்கு நல்லதா? என் மேல் இருந்த பாசம் விட்டுப்போய்விட்டதா?

பால்வாடி_டீச்சர் (கூடலூர்):

தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாசம் விட்டுப்போன பிள்ளை உன் பையைத் தொடாது. உன்னிடம் நேராக வரக் கோபம் தடுக்கிறது, வராமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் பைக்கு வருகிறாள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதே, பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பையில் எதையாவது எடுத்து வை, அது போதும்.

நான் அங்கன்வாடியில் பல வருஷமாக இருக்கிறேன். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வருவார்கள், எங்கள் பக்கம் வெளியே விடாத மழை, உள்ளே விடாத அழுகை. தோட்டத்துக்குப் போகிற அம்மாக்களுக்கு நேரத்துக்கு இலை எடுக்க நிற்க வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவசரமாக வந்து பிள்ளையை இறக்கிவிட்டு அது பொம்மையைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து நழுவிவிடுவார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும், அம்மா இருக்க மாட்டாள். அன்றைக்கு அது அழுவது பெரிய விஷயமே இல்லை. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பொம்மையையே தொடாது, முந்தானையை விடாது, ஏனென்றால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் வாசலில் நின்று ஊரைக் கூட்டும், ஆனால் அவர்கள்தான் சீக்கிரம் உள்ளே வந்து விளையாட ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் இதைத்தான் பார்க்கிறேன்.

உன் மகள் செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தூங்குவதும் இதனால்தான். தூங்கினால் நீ போய்விடுகிறாய், எத்தனை வாரமாக அது நடந்திருக்கிறது, அவளுக்குத் தெரியாதா? ஆகவே திங்கள் காலை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ. ஒரே வாக்கியம், வாராவாரம் அதே வாக்கியம்: "அம்மா வேலைக்குப் போறேன், பாட்டியும் அப்பாவும் இருப்பாங்க, அம்மா திரும்பி வருவேன்." ஒரு முத்தம், கிளம்பு. நாலு தடவை திரும்பி வந்து கொஞ்சாதே, நீ தயங்கினால் போகிற இடம் ஏதோ பயப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குப் படும். அவள் அழுவாள், அழட்டும், அழுகிறவளைப் பாட்டி தூக்கிக்கொண்டு "அம்மா போயிட்டாங்கன்னு கஷ்டமா இருக்கு, இல்ல?" என்று கேட்டால் போதும். "அம்மா கடைக்குப் போயிருக்கா, இதோ வந்துடுவா" என்று மட்டும் சொல்லக்கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் நீ ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கடைக்குக் கிளம்பும்போது வீடு ரெண்டாகிவிடும். "அழுதா அம்மா வரமாட்டா" என்பது அதைவிட மோசம், உன் வருகைக்கு அந்தப் பிஞ்சின் அழுகையைப் பொறுப்பாக்குகிற பேச்சு அது. எங்கள் ஊரில் பாசத்தோடு சொல்லப்படுகிற கொடுமைகளில் ஒன்று.

பழைய_லயன் (பந்தலூர்):

டீச்சரம்மா சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஆனால் கோத்தகிரிக் குளிரில் விடியக்காலம் பச்சைப் பிள்ளையை எழுப்பி அழவைத்துவிட்டுப் போ என்பது எனக்கு ஏறவில்லை. சளி பிடித்தால் அந்த வாரம் முழுக்க ராத்திரி கண்விழிப்பது யார்? பாட்டி. இதுவரை யாரும் அந்த அம்மாளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பிறந்தது இலங்கையில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பின்னால் குடும்பத்தோடு இங்கே வந்து தேயிலையிலேயே ஆயுசு போய்விட்டது. எங்களை வளர்த்தது பிள்ளைக் காம்பராதான், தோட்டத்துக் குழந்தைக் காப்பகம். புடவையில் ஏணை கட்டித் தொங்கும், ஒரு ஆயா ஆட்டிவிட்டுக்கொண்டிருப்பார், அம்மாமார் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நாங்களும் வளர்ந்துதான் வந்தோம். இதைச் சொன்னால் இப்போது உள்ளவர்களுக்குப் பிடிக்காது.

ஆனால் ஒன்று. அந்த அம்மா பகலில் ஒரு தடவையாவது வருவாள், சாயங்காலம் கட்டாயம் வருவாள், லயத்தில் பத்து வீட்டு மடியும் நம் மடிதான். இந்தப் பிள்ளைக்கு அப்படி இல்லை, தனி வீடு, சுற்றித் தேயிலை, ஒரு பாட்டி. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஐம்பது பெண் தொழிலாளிகள் இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது, தொழிற்சங்கத்தில் இருந்தவன் என்பதால் அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறவர் வீட்டுக்கு எந்தச் சட்டமும் காப்பகம் கொடுப்பதில்லை, அங்கே காப்பகம், ஆயா, சமையல் எல்லாம் மாமியார்தான். காலையில் கடிவாங்கி, படுக்கையை அலசி, இந்த ஈரத்தில் அதைக் காயவைத்து, அப்புறம் மருமகள் வந்ததும் "எங்கிட்ட வரமாட்டேங்கறா" என்று அழுவதையும் பார்க்க வேண்டும் என்றால் அந்த அம்மாள் மனசு என்ன பாடுபடும்? வரும்போது பிள்ளையைக் கேட்பதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேள் மகளே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். உன் மருத்துவமனையில் ஐம்பது பேர் இல்லாமலா இருப்பார்கள்? நாலு நர்ஸுகள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதே.

குன்னூர்_பனி:

குழந்தை மருத்துவம் என் தொழில், அதனால் கொஞ்சம் பாடம் எடுப்பேன்.

"வருவதைக் குறைத்தால் பழகிவிடும்" என்ற உங்கள் மாமனாரின் வாதம் புதிதல்ல. எழுபது எண்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்து மருத்துவமனைகளில் டாக்டர்களும் நர்ஸுகளும் அதையேதான் சொன்னார்கள். சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்க்க வாரத்தில் ஏதோ கொஞ்ச நேரம்தான் அனுமதி, சில இடங்களில் அதுவும் இல்லை. காரணம் கேட்டால், அம்மா வந்துபோன நாளில் பிள்ளை அழுது ரகளை செய்கிறது, வராத நாளில் சமர்த்தாக இருக்கிறது என்பார்கள். உங்கள் வீட்டு வியாழன் வெள்ளி மாதிரியேதான். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் அந்த வார்டுகளில் மணிக்கணக்கில் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தார். பிள்ளை முதலில் எதிர்த்து அழுகிறது. அப்புறம் நம்பிக்கை போய் ஒடுங்குகிறது, சத்தம் குறைகிறது. பிரிவு இன்னும் நீண்டால் யார் வந்தாலும் சிரிக்கிறது, சாப்பிடுகிறது, விளையாடுகிறது, அம்மா வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வார்டில் "பழகிவிட்டது" என்று எல்லோரும் நிம்மதியானது இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான். ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தை மருத்துவமனையில் இருந்த நாட்களை அவர் படமாகவே எடுத்து 1952-ல் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டினார், பலருக்குக் கோபம் வந்தது, தங்கள் தொழிலையே அவமதிக்கிறார் என்றார்கள். 1959-ல், மருத்துவமனையில் குழந்தைகள் நிலையை அரசு சார்பில் ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. நீங்களே நர்ஸ், உங்கள் குழந்தைகள் வார்டில் ஒரு அம்மாவை "நீங்க வந்தா அழறான், அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்புவீர்களா?

ஆகவே குறைக்காதீர்கள். திங்கட்கிழமை அழுகை உங்களை இன்னும் எதிர்பார்க்கிறாள் என்பதற்கான அடையாளம். நான் கவலைப்படுவது அது நின்றுபோனால்தான்.

ஆனால் பயமுறுத்தவும் விரும்பவில்லை. ராபர்ட்சன் பார்த்த குழந்தைகளைச் சுற்றி இருந்தவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுகிற அந்நியர்கள். உங்கள் மகளுக்குத் தெரிந்த பாட்டி, தாத்தா, ராத்திரி வருகிற அப்பா, அதே வீடு, அதே படுக்கை. குழந்தை ஒருத்தரிடம்தான் ஒட்டும், அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1964-ல் கிளாஸ்கோவில் ஷாஃபர், எமர்சன் என்ற இருவர் அறுபது குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியதில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அப்பா, பாட்டி, தாத்தா, அக்கா என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தார்கள். நம் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்ல கிளாஸ்கோ தேவையில்லை, சரி. சொல்ல வந்தது, வியாழன் வெள்ளியில் அவள் சிரிப்பதில் பெரும்பகுதி நிஜமான நிம்மதிதான், அது உங்கள் மாமியார் கொடுத்தது. பந்தலூர் ஐயா சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

முகம் பார்க்காமல் இருப்பதைப் பற்றி. மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவில் பால்டிமோரிலும் குழந்தைகளைக் கவனித்து, அம்மா கொஞ்ச நேரம் அறையை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கிற முறையை உருவாக்கினார். சில குழந்தைகள் ஓடிவரும், சில அழுதுகொண்டே அடிக்கும், சில அம்மாவைக் கவனிக்காத மாதிரி பொம்மையைத் திருப்பிக்கொண்டிருக்கும். அலட்சியமாகத் தெரிந்த அந்தக் கடைசி வகைக் குழந்தைகளின் நாடித்துடிப்பைப் பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் அளந்தபோது அது ஏறியிருந்தது. வெளியே ஜிப், உள்ளே படபடப்பு.

படுக்கை நனைவது இந்த வயதில் நோயே இல்லை, ஐந்து வயது வரை நாங்கள் மருந்தைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. பழகின ஒன்று மனக்கலக்கத்தில் பின்வாங்குவது சகஜம், திட்டாமல் கேலி செய்யாமல் விட்டால் போதும். டாக்டரிடம் காட்ட வேண்டியது எப்போது என்றால், உங்களிடம் மட்டுமில்லாமல் பாட்டி அப்பா உட்பட யார் கண்ணையும் பார்க்காமல் இருந்தால், பேரைக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், இரண்டு சொல் சேர்த்துப் பேச ஆரம்பிக்காவிட்டால், பேசின சொற்களை இழந்தால், எடை இறங்கினால், வாரம் முழுக்க விளையாட்டே இல்லாமல் போனால். அப்போது அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு. விடுதியில் தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா? அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் 14416-க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும். நர்ஸுகள் அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிற எண்ணைத் தாங்கள் கூப்பிடுவதில்லை.

அரவேணு_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் எழுதியதை ராத்திரி டூட்டியில் படித்தேன், வார்டு விஷயத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன்.

பந்தலூர் ஐயா எழுதியதை வீட்டுக்காரர் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாராம், கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டீச்சரைக் கேளு, குளிருக்கு என்ன பண்றதுன்னு" என்றாராம். கேட்டுவிட்டேன்.

இரண்டு சந்தேகம். திங்கள் அழுகையை நிறுத்த அத்தை கார்ட்டூன் போட்டுப் போனைக் கையில் கொடுத்துவிடுகிறார், சோறும் அப்படியே ஊட்டிவிடுகிறார், நான் சொன்னால் சண்டையாகிவிடும் என்று சொல்லவில்லை. இன்னொன்று, வீடியோ கால். எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னல் ஓரம் மட்டும்தான், பேசிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிடும், அப்போதுதான் அவள் தட்டிவிடுகிறாள் என்று இப்போது தோன்றுகிறது. அதை விட்டுவிடவா?

மண்டி_வண்டி (கேத்தி):

சிஸ்டர், நான் டாக்டர் இல்லை, கேரட் லோடு ஓட்டுகிறவன். ராத்திரி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினால் சில சமயம் அங்கிருந்து வேறு லோடு கிடைத்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வீடு. ஆகவே வந்து வந்து போகிற ஆள் நானும். அம்மாக்கள் போனால் எல்லோரும் பேசுகிறார்கள், அப்பன் போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, பையனுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

வீடியோவை விட்டுவிடுங்கள், குரலை விடாதீர்கள். நான் வண்டியை ஓரம் கட்டி வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவேன், "குரங்கு ஒண்ணு மொறைச்சிக்கிட்டு உக்காந்திருக்கு, ஒரு கேரட் கேக்குது" இந்த மாதிரி அரை நிமிஷம். சிக்னல் கிடைத்தபோது இறங்கிக்கொள்ளும், அவன் வேண்டிய போது திரும்பத் திரும்பக் கேட்பான், அவன் இஷ்டம். படம் நின்று போய் அப்பா வாயைத் திறந்தபடி அசையாமல் இருப்பதைப் பார்த்து அவன் பயந்து அழுததை நானே பார்த்திருக்கிறேன். தூங்கும் முன் பாட்டி ஒரு தடவை போட்டுவிட்டால் ராத்திரியில் உங்கள் குரல் இருக்கும்.

அப்புறம் உங்கள் சால்வையோ பழைய நைட்டியோ ஒன்றை அவள் படுக்கையில் விட்டுவிட்டுப் போங்கள். துவைக்கக் கூடாது, அதைப் பாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டில் சுத்தம் என்று துவைத்துப் போட்டுவிட்டார்கள், பையன் அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டான்.

வீட்டுக்கு வரும்போது நான் செய்வது, உள்ளே நுழைந்ததும் நேரே அவனிடம் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, மெதுவாகச் சாக்ஸை உதறி, வெட்டியாக எதையாவது செய்துகொண்டிருப்பேன். அவன் தூணுக்குப் பின்னாலிருந்து பார்ப்பான். ஒரு பூட்ஸை அவன் பக்கம் தள்ளி வைப்பேன். அவன் அதில் காலை விட்டு நடக்க ஆரம்பித்தால் அன்றைக்குச் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். சில நாள் பூட்ஸைத் தூக்கி வீசுவான், அதுவும் சரி. பொம்மை, சிப்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போய் முதலிலேயே கொடுக்காதீர்கள், அப்படிச் செய்தால் பையைத்தான் தேடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் தினமும் ராத்திரி வருகிறார் இல்லையா? சோறு ஊட்டுவது, கால் கழுவித் தூங்கவைப்பது என்று ஒன்றை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டால் பாட்டிக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

குன்னூர்_பனி:

கேத்தி நண்பர் சொன்ன குரல் பதிவு நல்ல யோசனை. அம்மாவின் முகம் திடீரென்று அசையாமல் போனால் குழந்தை எவ்வளவு கலங்கும் என்பதை எட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் 1970-களில் செய்து காட்டினார். அம்மாவை எதிரில் உட்காரவைத்து, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்கச் சொன்னார், கைக்குழந்தைகள் முதலில் சிரித்துக் கூப்பிட்டுப் பார்த்து, பலிக்காமல் போகவும் கலங்கித் திரும்பிக்கொண்டன. நம் மலைச் சிக்னல் அதைத் தினமும் இலவசமாகச் செய்கிறது.

கார்ட்டூன் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போகாதீர்கள். திங்கள் காலை அவருக்கு உதவிக்கு வேறு ஆள் இருந்தால் போன் தானாகக் குறையும். வீட்டுக்காரர் அன்று மட்டும் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போக முடியுமா என்று பாருங்கள்.

பழைய_லயன் (பந்தலூர்):

அதைச் சொல்லுங்கள். அப்பன்காரனை யாரும் கேட்கவில்லையே என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்வாடி_டீச்சர் (கூடலூர்):

ஐயாவுக்கும் தங்கச்சியின் அத்தைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குளிரில் வெளியே கொண்டுவர வேண்டாம். கம்பளியோடு சுருட்டி மடியில் வைத்து, படுக்கையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பலாம். ஞாயிறு ராத்திரி தூங்கும் முன்னாலேயே "காலையில அம்மா வேலைக்குப் போவேன், போகும்போது உன்னை எழுப்பிச் சொல்லிட்டுத்தான் போவேன்" என்று சொல்லிவை, சொன்னபடி எழுப்பு. முதல் சில வாரம் இன்னும் அதிகமாக அழுவாள், அதைப் பார்த்து யாராவது "பழைய மாதிரியே போயிருக்கலாம்" என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. ராத்திரி செயினை விட்டுவிட்டுத் தூங்குகிறாளா என்று மட்டும் கவனி.

இன்னும் ஒன்று, இதை யாரும் கேட்கவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பஸ் நின்றுபோகும். "சனிக்கிழமை வருவேன்" என்று நாள் சொல்லி வைக்காதே, இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சனியும் தெரியாது, சரிவும் தெரியாது. "வருவேன்" போதும். வர முடியவில்லை என்று தெரிந்த உடனே போன் போட்டுச் சொல்லிவிடு, அவளை வாசலில் உட்காரவைத்துப் பஸ் சத்தம் கேட்க வைக்க வேண்டாம் என்று அத்தையிடமும் சொல்லிவிடு. பாட்டி அவளிடம் "ரோட்டுல மரம் விழுந்துடுச்சு, அம்மா இன்னைக்கு வர முடியல" என்று உள்ளதைச் சொன்னால் போதும். மரம் எப்படி விழுந்தது என்று நூறு தடவை கேட்பாள். நூறு தடவையும் விழவைத்துக் காட்டச் சொல்.